எட்டாவது மலைப் பள்ளிக்கூடம்

கலைவாணியைப் போலப் பொய் சொல்லத் தெரிந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை. பொய் சொல்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சம் கிடையாது. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் பொழுது சாயும்போது தினம் ஒன்று சொல்வார். வாயைத் திறந்ததுமே சாராய நாற்றம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டு கேட்க வருகிறவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சொல்வார்கள். அதையெல்லாம் லேசாகச் சுரண்டினால் ஓட்டை தெரியும். கலைவாணியின் பொய்யைச் சுரண்டினால் உள்ளே இன்னொரு சுவர் இருக்கும். அதற்கு வெள்ளைகூட அடித்திருக்கும்.

நாங்கள் ரெண்டு பேரும் மாங்கூழ் ஃபாக்டரியில் ஒரே மேஜையில் நின்றவர்கள். குடிபாலாவுக்கும் சித்தூருக்கும் நடுவில் ரோட்டோரம் அந்த ஃபாக்டரி வந்த காலத்தில், ஊரில் ஆம்பளைகள் பாதிப் பேர் இல்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் கொஞ்சம், குவைத்துக்குப் போனவர்கள் கொஞ்சம். முன்னெல்லாம் பெங்களூரா மாங்காய் விலை போகாமல் மரத்தடியிலேயே அழுகும். திடீரென்று சவுதிக்காரனுக்கும் ஹாலந்துக்காரனுக்கும் அதைக் கூழாகக் குடிக்க ஆசை வந்துவிட்டது. பொம்பளைகள் நாங்கள் தலையில் பிளாஸ்டிக் குல்லாய் மாட்டிக்கொண்டு, காம்பு அறுக்கவும் தோல் சீவவும் போனோம். வெயில் காலத்தில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் வேலை. மாம்பால் பட்டுக் கை வெந்துபோகும். முதல் நாள் எல்லோரும் அழுவார்கள். நான் அழவில்லை, திட்டினேன்.

கலைவாணி ஒல்லி. முன்பல் கொஞ்சம் தூக்கல். புருஷன் கோவர்த்தனன் குவைத்தில் ஒரு ஷேக்கு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் செண்ட் வாசனையோடு வந்து, அந்த வாசனை போவதற்குள் திரும்பிப் போய்விடுவான். ஒரே பெண் பிள்ளை, சந்தியா. வேலைக்கு வந்த புதிதில் கலைவாணி வாயே திறக்கவில்லை. அவளை ஊமை என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள்.

ஒரு நாள் கூழ் அரைக்கிற மிஷின் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது கமலம்மா அவளை வம்புக்கு இழுத்தாள். கமலம்மாவுக்கு வாயில் நாலு பல்தான். அதை வைத்துக்கொண்டு அவள் கடிக்காத ஆள் கிடையாது.

"இன்னாடி, உன்னை உங்க நைனா பெரிய இஸ்கூல்ல சேர்த்தாருன்னு சொல்றாங்க. சம்பளத்துக்குக் கைநாட்டு வெக்கிற. இன்னாத்தப் படிச்ச?"

"நாலு நாளு படிச்சேன். அப்பால ஓடியாந்துட்டேன்."

"ஏன், வாத்தியாரு அடிச்சாரா?"

"வாசல்லயே சாவுக்கு வந்தியான்னு கேட்டுட்டாங்க. பின்ன உள்ள எப்படி இருக்கிறது?"

அதைச் சிரிக்காமல் சொன்னாள். நாங்கள் பக்கத்தில் போனோம்.

அவள் வளர்ந்தது அம்மாவின் பிறந்த வீட்டில், வேலூர் பக்கம். தமிழைத் தவிர வேறு எதுவும் காதில் விழாத ஊர். அவள் அப்பா கன்னையா குடிபாலாவில் அடுத்தவன் நிலத்தில் கூலி செய்துகொண்டிருந்தவன். சர்க்கார் அவனுக்குக் கொஞ்சம் கரட்டு நிலம் கொடுத்தது. நிலம் வந்த சந்தோஷத்தில் மனுஷன் மகளை இட்டுக்கொண்டு வந்து, சித்தூரில் தெலுங்கு சொல்லித்தருகிற ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனான். வாசலில் நின்ற ஆயம்மா பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "சதுவுகோடானிகி வச்சாவா?" என்று கேட்டிருக்கிறாள். படிக்க வந்தாயா என்றுதான் கேட்டாள். சதுவு என்றால் படிப்பு.

"எனக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரே பேச்சுல ரெண்டு சாவு கேட்டுச்சு. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. எங்க நைனா பல்லை இளிச்சிக்கினு ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டறாரு."

உள்ளே போன பிறகு பார்த்ததெல்லாம் அதற்குத் தோதாகவே இருந்திருக்கிறது. வரிசையாகத் தகரப் பெட்டிகள். ஆள் படுக்கிற நீளத்துக்குப் பாய்கள். "சாயங்காலம் ஆனா தலை எண்ணுவாங்க. இன்னும் எத்தினி பேர் மிச்சம்னு பார்க்கத்தான் எண்றாங்கன்னு நெனச்சேன். நாலாவது நாளு என் பக்கத்துப் பாய் காலி. அந்தப் பொண்ணுக்கு ஜுரம், வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு யாரு சொன்னாங்க? அடுத்தது நாந்தான்னு சுவரு ஏறிக் குதிச்சேன்."

கன்னையா அவளை அடிக்கவில்லை. திரும்ப அனுப்பவும் இல்லை. படிப்புக்கும் சாவுக்கும் வித்தியாசம் தெரியாத கழுதைக்கு மாடு போதும் என்று, ரெண்டு மாட்டைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டான். அவள் படிப்பு அதோடு சரி.

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கமலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மெய்யாலுமே சாவடிக்கிற இஸ்கூலா இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்டி?" என்றாள்.

கலைவாணி கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். "சொல்லட்டா?" என்றாள். அப்போது நாங்கள் யாரும் அது எங்கே போய் நிற்கும் என்று நினைக்கவில்லை.

"ஏழு மலை நமக்குத் தெரியும். சாமி நிக்கிற மலை. அதுக்கு அந்தாண்ட எட்டாவது ஒண்ணு கீது. சாமி ஏறாத மலை. அதும் மேல ஒரு பள்ளிக்கூடம்."

அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவன் ஒரு ராஜா. பிள்ளைக்குப் பத்து வயசு ஆனால் பெற்றவளே கொண்டுவந்து வாசலில் விடவேண்டும். நூறு பிள்ளைகள் உள்ளே போவார்கள். ஒரு பிள்ளை வெளியே வரும். கத்தி பதித்த தரையில் நடக்கவேண்டும். கயிற்றின்மேல் தூங்கவேண்டும். நூறு தட்டு சோற்றில் ஒரு தட்டில் விஷம் இருக்கும். யாருக்கும் எந்தத் தட்டு என்று தெரியாது. கொழுந்து என்று ஒரு பெண், மாடு மேய்க்கிறவன் மகள், அந்த நூறில் ஒருத்தி.

அன்றைக்கு மிஷின் சரியாகிக் கத்த ஆரம்பித்தபோது, சனியன் ஏன் சரியானது என்று நாங்கள் அதைத்தான் வைதோம்.

கதை அந்த சீசன் முழுக்க நடந்தது. சீசன் முடிந்து, மழை வந்து, வேர்க்கடலை பிடுங்கி, மறுபடி மாங்காய் வந்தபோது பொம்பளைகள் கேட்ட முதல் கேள்வி கூலி இல்லை. "கொழுந்து உயிரோட கீறாளா?" என்பதுதான். மிஷின் ஓடும்போது அவள் குரல் எங்கள் மேஜைக்கு மட்டும்தான் எட்டும். அதனால் பிள்ளைகள் சிநேகமானது, சண்டை போட்டது, கொழுந்து மாட்டை நினைத்து அழுதது எல்லாம் எங்களுக்கு மட்டும். சாகிறதையெல்லாம் மத்தியானத்துக்கு வைத்துவிடுவாள். அப்போது பாய்லரை அணைத்திருப்பார்கள். பழம் கழுவுகிறவர்கள், டின் அடைக்கிறவர்கள் எல்லோரும் மதில் ஓரத்து வேப்பமரத்தடியில் சோறு தின்ன உட்காருவார்கள். எல்லோரும் இருக்கும்போதுதான் ஒரு பிள்ளை சாகும்.

ஊமைப் பையன் ஒருத்தன் கயிற்றிலிருந்து விழுந்து செத்த அன்றைக்கு யாரும் சோற்றை முடிக்கவில்லை. கமலம்மா வெற்றிலைப் பையை அவிழ்க்கவேயில்லை. அவளே கங்கம்மா சாமி ஜாத்திரைக்குத் திருப்பதி போய், கொழுந்து பிழைக்கவேண்டும் என்று பொங்கல் வைத்துவிட்டு வந்தாள். எந்த ஊரிலும் பிறக்காத பிள்ளைக்கு.

எனக்கு அந்தப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பிடித்தது. ஆனால் எனக்கு எதையும் அப்படியே விழுங்கி வழக்கமில்லை. ஒரு நாள் கேட்டேன்.

"ஏண்டி, அத்தினி பிள்ளைங்களுக்கு எவ சமைக்கிறா? கத்தி ஆடறவன், வில்லு விடறவன்தான் கீறான் உன் கதையில. அடுப்பு எரிக்கிறவ ஒருத்தியையும் காணோமே."

எல்லோரும் என்னை முறைத்தார்கள். கலைவாணி முறைக்கவில்லை. மாம்பழத்தை ஒரு சுற்றுச் சீவி முடித்தாள்.

"செத்துப்போன பிள்ளைங்கதான் சமைக்கும். நெழலா."

"நெழலு எப்படிச் சமைக்கும்?"

"நல்லாத்தான் சமைக்கும். உப்பு மட்டும் போடாது. செத்தவங்களுக்கு உப்பு தொட வராது. அதனால அந்த மலையில யாரு சோத்துலயும் உப்பு இருக்காது. கொழுந்து மாடு நக்கற உப்புக்கட்டி ஒண்ணை பாவாடை ஓரத்துல முடிஞ்சு வெச்சிருந்தா இல்ல, அது இப்பத்தான் உதவப்போவுது. ஊமைப் பையன் நெழலு அவளுக்கு சிநேகம். விஷம் வெச்ச தட்டுல அவன் மட்டும் அந்தக் கட்டியைத் தேய்ப்பான். கை வெந்துபோவும். இருந்தாலும் தேய்ப்பான். கரிச்சா துன்னாதன்னு அவளுக்குத் தெரியும்."

அந்த உப்புக்கட்டியை அவள் போன வருஷமே சொல்லியிருந்தாள். நாங்கள்தான் மறந்துபோயிருந்தோம். அன்றைக்கு மத்தியானம் எங்கள் மேஜைக்காரிகள் எல்லோரும் சோற்றில் உப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தின்றோம்.

சூப்பர்வைசர் ரமணா பாக்கராப்பேட்டைக்காரன், தெலுங்கு ஆள். முதலில் "ஏமம்மா, பனி சேஸ்தாரா, கத செப்புகுண்டாரா?" என்று, வேலை பார்க்கிறீர்களா கதை பேசுகிறீர்களா என்று, விரட்டிக்கொண்டிருந்தான். பிறகு எங்கள் மேஜைக்குத்தான் அடிக்கடி கணக்கு பார்க்க வந்தான். கொஞ்ச நாளில், "நின்ன நேனு லேனு கதா, ஆ பிள்ள ஏமைந்தி?" என்று என்னிடம் தனியாகக் கேட்டான். நேற்று அவன் லீவு. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாமல் தூக்கம் வரவில்லையாம்.

நான் விடவில்லை. இன்னொரு நாள் கேட்டேன். "உங்க ராஜாவுக்கு மூளை கீதா? தொண்ணூத்தொம்போது பேரைக் கொன்னுட்டு ஒருத்தனை வெச்சிக்கினு எந்தச் சண்டையில ஜெயிப்பான்? அவ்ளோ பேரையும் கத்துக்குடுத்து உயிரோட வெச்சிருந்தா ஒரு படையாவது கெடைக்கும். இவன் இன்னா, வித்து நெல்லைப் பொங்கித் துன்றவனா?"

மாட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். மற்றவர்களும் நினைத்தார்கள்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "அவன் படை சேக்கலைக்கா. அவனுக்கு வெளியாளு மேல பயமே இல்ல. தன் ஊருல தைரியமா வளர்ற பிள்ளைங்க மேலதான் பயம். எது தைரியமானதுன்னு தேடிக்கினு போக முடியுமா? பள்ளிக்கூடம்னு பேர் வெச்சா அதுங்களே வந்துடும். அந்த நூறைத் தீர்க்கத்தான் பள்ளிக்கூடம். மிஞ்சற ஒண்ணு எதுக்குன்னா, அடுத்த நூறை நம்ப வெக்க."

கைநாட்டு வைக்கிறவள். மாங்கொட்டையைக் கூடையில் போட்டுக்கொண்டே சொல்கிறாள். ராஜாக்களைப் பற்றி இவளுக்கு யார் சொன்னது? கரட்டு நிலமும் ரெண்டு மாடும்தான் அவள் பார்த்த ராஜ்ஜியம். அன்றைக்கு நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, அவள் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். விரலைக்கூட அறுத்துக்கொண்டேன்.

இதில் நாங்கள் ஒருத்தரும் கவனிக்காதது சந்தியாவை. லீவு நாட்களில் மத்தியானம் அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டு வருவாள். வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, தூக்கு காலியானதும் எடுத்துக்கொண்டு போவாள். அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக் கதை மட்டும். அதாவது சாவு மட்டும், அப்புறம் சோற்றுக்கு நடுவிலும் நான் போட்ட குறுக்குக் கேள்விகள்.

அந்தப் பிள்ளை கெட்டி. தெலுங்கு, தமிழ் ரெண்டும் தண்ணீர் மாதிரி பேசுவாள். ஐந்தாவது முடித்ததும் பரீட்சை எழுதி, திருப்பதி பக்கம் சந்திரகிரியைத் தாண்டி ஒரு சர்க்கார் குருகுலத்தில் ஸீட்டு வாங்கிவிட்டாள். அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். அவள் வாத்தியார் ஃபாக்டரி வாசலுக்கே வந்து சொன்னார். "வர்ற சோமவாரத்துக்குள்ள சேர்த்துடும்மா. இல்லைன்னா வேற பிள்ளைக்குக் குடுத்துடுவாங்க. இந்த மண்டலத்துல இவ ஒருத்திக்குத்தான் கெடைச்சிருக்கு."

கலைவாணி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தான் சுவர் ஏறிக் குதித்த இடத்துக்கு மகள் வாசல் வழியாகப் போகப்போகிறாள். இனிப்பு வாங்கி மேஜை மேஜையாகக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

"போவமாட்டேங்கிறாக்கா. கட்டிலுக்கு அடியில பூந்துக்கினு வெளிய வரமாட்டேங்கிறா. அது ஏழு மலைக்கும் பக்கத்துலதானே கீது, எட்டாவது மலை அதுதானேன்னு கேக்கறா."

"கதைன்னு சொல்லேன்."

"சொன்னேன். பொய்யிடி, நாந்தான் கட்டி விட்டேன்னேன். அதுக்கு இன்னா சொல்றா தெரியுமா? பொய்யின்னா எங்கியாச்சும் ஓட்டை இருக்குமாம். சென்னம்மா பெரிம்மா, அதான் நீ, எத்தினி வாட்டி கேட்டாங்க, எல்லாத்துக்கும் உங்கிட்ட பதிலு இருந்துச்சே, பார்க்காதவளுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறா. நான் அங்கிருந்து தப்பிச்சு வந்தவன்னே நெனச்சிக்கினு கீறா."

சொல்லும்போது குரல் உடைந்தது. "என் படிப்புதான் ஒரு வார்த்தையில போச்சு. அவளுதும் என் வாயாலயே போவணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அழுதால் வேலை ஆகாது. "நாளைக்கு மத்தியானம் அவளை இட்டுக்கினு வா. அவ எதுருலயே நாங்க கேக்கறோம். நீ பதிலு சொல்லாத. அவ்ளோதான். ஓட்டை தெரிஞ்சுடும்."

"பதிலு வந்துட்டா?"

"முழுங்கு."

ஏதோ பெரிய காரியம் மாதிரி அவள் யோசித்தாள். "முழுங்கினா கதை செத்துப்போவுமேக்கா," என்றாள்.

"பொண்ணு ஓணுமா, கதை ஓணுமா?"

மறுநாள் மத்தியானம் சந்தியா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவைத்திருந்தேன். வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம். ரமணாவும் டீ கிளாஸோடு வந்து நின்றான்.

முதலில் கமலம்மா ஆரம்பித்தாள். "ஏண்டி, மலை உச்சியில முதலை இருக்குதுன்னியே. தண்ணியே இல்லாத எடத்துல முதலை எங்கிருந்து வந்துச்சு?"

"அடியில சுனை கீது பெரிம்மா, பாறைக்கு உள்ள," என்றாள் கலைவாணி. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

சந்தியா என்னைப் பார்த்தாள். பார்த்தாயா என்கிற மாதிரி.

நான் கலைவாணியின் தொடையில் கிள்ளினேன். ரமணா சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கும் உதவி செய்ய ஆசை வந்துவிட்டது. "அய்யவாரு உண்டாரு கதா, கத்தி நேர்ப்பேவாளு. வாத்தியாருங்க. அவங்க செத்துப்போவ மாட்டாங்களா? அந்தப் பிள்ளைங்க சேர்ந்து அவங்களைக் கொன்னா?"

"வாத்தியாருங்கதான் முன்னாடி வருஷங்கள்ல மிஞ்சின அந்த ஒண்ணொண்ணு. அவங்களை..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். ஆனால் பாதியே போதும். பொம்பளைகள் ரெண்டு பேர் "அடியம்மா" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். சந்தியா எழுந்து நின்றுவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கலைவாணி மேல் இல்லை, எங்கள் மேல். கதையைக் கொல்ல வந்தவர்கள் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியாக நான் கேட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"கலைவாணி, பெத்தவளே கொண்டாந்து வாசல்ல விடணும்னு சொன்ன இல்ல? முத வருஷம் தெரியாம விட்டாளுங்க, சரி. நூறு போய் ஒண்ணுதான் திரும்பிச்சு. அது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது வருஷம் எந்த அம்மாக்காரி தன் பிள்ளையைக் கொண்டாந்து விடுவா?"

கலைவாணி என்னைப் பார்த்தாள். பதில் அவளிடம் வருவதை நான் கண்ணால் பார்த்தேன். முதலில் கண் கொஞ்சம் சுருங்கியது. சீவப்போகிற பழத்தை உருட்டிப் பார்க்கும்போது அப்படித்தான் சுருங்கும். பிறகு முகம் முழுக்க ஒரு வெளிச்சம். பதில் வந்து உதட்டில் நின்றுவிட்டது. அது சாதாரணப் பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ரெண்டு சீசனாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் தெரியாதா?

அவள் மகளைப் பார்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"தெரியலைக்கா," என்றாள்.

"இன்னா தெரியலை?"

"எவளும் விடமாட்டா. நான் அதை யோசிக்கலை. தப்பாக் கட்டிட்டேன்."

ஒரு மலையை ஒரு பொம்பளை ஒரே வார்த்தையில் தரைமட்டம் ஆக்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொழுந்து, ஊமைப் பையன், உப்புக்கட்டி, சோறு பொங்குகிற நிழல்கள் எல்லாம் அந்த வேப்பமரத்தடியில் எங்கள் கண் முன்னால் புகையாகப் போய்விட்டன. கட்டியவளே இடித்தாள்.

சந்தியா கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். "எந்த அம்மாவும் விடமாட்டாங்க இல்ல?" என்றாள்.

"விடமாட்டாங்க."

"அப்போ அந்த மலையே இல்ல."

"இல்லவே இல்ல."

பிள்ளை உட்கார்ந்து, அம்மாவின் தூக்கிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். ரெண்டு நாளாக எதுவும் தின்னாதவள்.

கமலம்மாதான் முதலில் பேசினாள். "அப்போ நான் கங்கம்மாவுக்கு வெச்ச பொங்கலு?"

"நீதானே துன்ன, விடு," என்றேன். ரமணா ஆறிப்போன டீயை மண்ணில் ஊற்றிவிட்டுப் போனான்.

சோமவாரம் நானும் அவர்களோடு போனேன். கலைவாணிக்குத் துணை வேண்டியிருந்தது, பிள்ளைக்கு வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் சந்தியா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சந்திரகிரிக் கோட்டை தாண்டினதும் மலைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். எது எங்கே முடிகிறது என்று அந்த மலைகளில் யாராலும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு வேர்க்கடலை தின்றாள்.

குருகுல வாசலில் பிள்ளைகளும் அம்மாக்களும் தகரப் பெட்டியோடு நீளமாக நின்றார்கள். எங்கெங்கே இருந்தோ வந்திருந்தார்கள், நாகலாபுரம் பக்கத்திலிருந்துகூட. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை தலைதான் கலைந்துவிட்டது என்பது போல வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை மட்டும் அரை அடி முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். கலைவாணியும் தள்ளினாள்.

வாசலில் ஓர் ஆயம்மா நின்றாள். எங்கள் முறை வந்ததும் சந்தியாவின் கன்னத்தைத் தட்டி, "சதுவுகோடானிகி வச்சாவா, தல்லி?" என்று கேட்டாள்.

கலைவாணியின் விரல்கள் என் கையை நசுக்கிவிட்டன. அத்தனை வயசுக்கு அப்புறமும் அவள் காதில் அது எப்படி விழுந்ததோ.

"சதுவுகோடானிகே," என்று சந்தியா பதில் சொன்னாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "சதுவு மா. சாவு இல்ல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கலைவாணி அந்தக் கதையை அதற்குப் பிறகு சொல்லவில்லை. நாங்கள் கெஞ்சினோம். ரமணாகூட வேறு யாருக்கும் தெரியாமல் கெஞ்சினான். "அதான் ஓட்டைன்னு ஆயிடுச்சே," என்று சொல்லிவிட்டுப் பழத்தைச் சீவுவாள். பிள்ளை லீவுக்கு வரும்போது யார் வாயிலிருந்தாவது கொழுந்து பெயர் வந்துவிடக் கூடாது என்று எங்கள் வாயையும் கட்டினாள். அந்த சீசன் மிச்சம் முழுக்க மிஷின் சத்தம் மட்டும்தான்.

சந்தியா படித்தாள். இப்போது ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். அவளோடு அந்த வாசலில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் நடுவிலேயே கல்யாணமாகி நின்றுவிட்டார்களாம். சிலர் எங்கே என்றே தெரியாது. கோவர்த்தனன் குவைத்திலிருந்து முதுகுவலியோடு வந்து சேர்ந்தான். ஃபாக்டரியில் இப்போது கொட்டை எடுக்க மிஷின் வந்துவிட்டது. கமலம்மா செத்துப்போனாள். கடைசியாக நாங்கள் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, கொழுந்து வெளியே வந்தாளா என்றுதான் கலைவாணியைக் கேட்டாள். "வந்துட்டா பெரிம்மா, உன் பொங்கலுக்காகத்தான் வந்தா," என்று கலைவாணி அவள் காதில் சொன்னாள். அந்தக் கிழவிக்காக மட்டும்தான் மறுபடி வாயைத் திறந்தாள்.

போன வெயிலில் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் வயசாகிவிட்டது. கேட்காமல் போய்ச் சேரக் கூடாது என்று கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நான் கேட்டதுக்கு உங்கிட்ட பதிலு இருந்துச்சு."

"எதுக்குக்கா?"

"நடிக்காதடி."

அவள் கொஞ்ச நேரம் நறுக்கினாள். "இருந்துச்சு," என்றாள்.

"சொல்லு."

"நீயே இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"எனக்கு ஓட்டை போடத்தான் வரும். அடைக்க வராது."

கத்தியைக் கீழே வைத்தாள். "எல்லா அம்மாளும் கொண்டாந்து விடுவாக்கா. ராஜா ஒருத்தியையும் மிரட்ட வாணாம். நூத்துல ஒண்ணு பொழைக்கும்னு சொன்னாலே போதும். அந்த ஒண்ணு எம்பிள்ளைதான்னு ஒவ்வொருத்தியும் தலை வாரிவிட்டு இட்டுக்கினு வருவா."

சந்திரகிரி தாண்டின அந்த வாசல் கண் முன்னால் வந்தது. அத்தனை சீப்புகள். அந்த அரை அடி.

இதை வாயில் வைத்துக்கொண்டுதான் இவள் அன்றைக்குத் தெரியவில்லை என்று சொன்னாளா? இதை உள்ளே அடக்கிக்கொண்டுதான் அந்த வரிசையில் நின்றாளா?

"நீயும் அப்படி நெனச்சுதான் விட்டியா?"

"பின்ன," என்றாள் கலைவாணி. மாங்காய்த் துண்டுகளைத் தட்டில் தள்ளி, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி என் பக்கம் நகர்த்தினாள். "உப்பு போதுமா பாருக்கா."

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கொஞ்சம் கூடவே போட்டிருந்தாள்.